மேலே மழை, கீழே வெயில்: மலையாற்றில் குளிக்கப் போகும் கரையோர மக்களுக்கு

கற்பிட்டிக் குடாநாட்டில் ஆறு இல்லை. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவில் மணல். மாம்புரியில் எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் மணல் அதைக் குடித்துவிடும். மறுநாள் கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். அதனால் இந்தக் கரையில் வளரும் பிள்ளைக்கு அலை தெரியும், இழுவை தெரியும், எந்த மாதத்தில் கடல் கொந்தளிக்கும் என்பது தெரியும். ஓடுகிற நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டுமென்றால் வான் பிடித்து வெளியே போகவேண்டும்.

கிட்டிய இடங்களில் ஒன்று எலுவன்குளம். புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போகும் பழைய வீதி அங்கே சப்பாத்துப் பாலம் ஒன்றினால் கலாஓயாவைக் கடக்கிறது. வறண்ட நாட்களில் மரநிழலும் ஆழமில்லாத தண்ணீருமாக, சோற்றுப் பார்சலோடு ஒரு பகலைக் கழிக்க நல்ல இடம். அதே பாலம் நீரில் மூழ்கிப் போக்குவரத்து தடைப்பட்டது என்ற செய்தியும் மாரி காலத்தில் அடிக்கடி வரும். அப்படி மூழ்கும் நாளில் எலுவன்குளத்தில் மழை பெய்திருக்க வேண்டும் என்றில்லை. கலாஓயா மாத்தளைப் பக்கத்து மலைச்சரிவுகளில் தொடங்கி, கலாவாவி வழியாகவும் இராஜாங்கனை நீர்த்தேக்கம் வழியாகவும் சுமார் 150 கிலோமீற்றர் ஓடி இந்தக் கரைக்கு வருகிறது. தம்புள்ளைப் பக்கம் கொட்டிய மழையும், இராஜாங்கனையில் திறந்த வான்கதவும் எலுவன்குளத்தின் தண்ணீரை ஏற்றிவிடும், அங்கே வெயில் எரிந்துகொண்டிருந்தாலும்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது இந்த ஆறு என்ன செய்யும் என்பதை நாடே பார்த்தது. அநுராதபுரம்–புத்தளம் வீதியில், கலாஓயாப் பாலத்தருகே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் ஒன்று வெள்ளத்தில் சிக்கியது. அறுபதுக்கும் மேற்பட்ட பயணிகள் அருகிலிருந்த வீடொன்றின் கூரையில் தஞ்சமடைந்து, நீண்ட நேரத்தின் பின் கடற்படையினரால் மீட்கப்பட்டார்கள். அது நாடளாவிய பேரிடர். நாள்கணக்கில் எச்சரிக்கை இருந்தது. இங்கே பேச வந்தது அதைவிடச் சிறிய, அதனாலேயே கவனிக்கப்படாத ஒன்றைப் பற்றி. புயல் எதுவுமில்லாத ஒரு விடுமுறை நாளில், பிள்ளைகள் குளித்துக்கொண்டிருக்கும் ஓடை சில நிமிடங்களில் காட்டாறாகிவிடுவது.

குற்றாலத்தில் நடந்தது

தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் உள்ள பழைய குற்றால அருவியில் 2024 மே 17ஆம் திகதி நடந்ததை இணையத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். கோடை விடுமுறை. அருவியில் கூட்டம். மேலே மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை திடீரெனக் கீழே வந்தது. காணொளியில் மக்கள் படிகளில் அலறி ஓடுகிறார்கள். சற்றுமுன் அவர்கள் நின்ற இடத்தில் மண்ணிறத் தண்ணீர் பாய்கிறது. திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டான். சில மணி நேரத்தின் பின் கீழே பாறைகளுக்கிடையிலிருந்து உடல்தான் கிடைத்தது.

குற்றாலம் யாருமற்ற காட்டருவி அல்ல. பொலிஸார் நிற்கும் இடம். தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போடுவது அங்கே வழமை. பேரருவியில் பாதுகாப்பு வளைவே கட்டப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்திலேயே தண்ணீர் மனிதரை முந்திக்கொண்டது. காவலுக்கு ஒருவரும் இல்லாத, பெயர்கூட வரைபடத்தில் இல்லாத ஒரு தோட்டத்து ஓடையில் யார் விசில் ஊதுவார்?

அதே ஆண்டு ஜூன் 30ஆம் திகதி மகாராஷ்டிராவின் லோனாவாலாவில், பூஷி அணைக்கு அருகே இன்னொரு காட்சி. ஒரு குடும்பம் நீரோட்டத்தின் நடுவில் பாறையொன்றில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி நிற்கிறது. சுற்றிலும் தண்ணீர் ஏறுகிறது. கரையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அனைவரும் இழுத்துச் செல்லப்படுகிறார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் நீந்தப் போனவர்கள் அல்ல. தண்ணீர் குறைவாக இருந்தபோது நடந்து போய் அந்தப் பாறையில் நின்றவர்கள்.

ஏன் இவ்வளவு வேகம்?

மழை தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் வந்துசேரும் வெள்ளத்தைத்தான் பொதுவாகத் திடீர் வெள்ளம் என்கிறார்கள். சரிவான மலையோடைகளில் அந்த அவகாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சில இடங்களில் நிமிடங்கள்தான்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீற்றரில் பத்து மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு கோடி லீற்றர் தண்ணீர். நம் ஊர்களுக்குக் குடிநீர் கொண்டுவரும் 10,000 லீற்றர் பவுசரை எடுத்துக்கொண்டால் ஆயிரம் பவுசர். மலைநாட்டு இடிமழை ஒன்று ஒரு மணி நேரத்தில் ஐம்பது மில்லிமீற்றர் கொட்டுவது புதினமில்லை. மூன்று சதுர கிலோமீற்றர் சரிவில் அது விழுந்தால் 15,000 பவுசர். நம் மணல் என்றால் உறிஞ்சிக்கொள்ளும். பாறையும், ஏற்கெனவே நனைந்து ஊறிய மண்ணும் அதில் பெரும்பங்கைக் கீழே விட்டுவிடும். சரிவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓடிவரும் அந்தத் தண்ணீர் கடைசியில் ஐந்தாறு மீற்றர் அகலமுள்ள ஒரே ஓடைக்குள் நுழைய வேண்டும். நீங்கள் குளிக்கும் ஓடை அதுதான்.

வேகம் இரட்டித்தால் நீரின் தள்ளுவிசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். முழங்காலளவுத் தண்ணீர்தானே என்று இறங்குபவர்கள் விழுவது இதனால்தான். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் கவிழ்ந்து பிள்ளைகள் பலர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அது சமதரை. மலைச்சரிவில் வேகம் இன்னும் அதிகம். தண்ணீரோடு கல்லும் மரக்கட்டையும் சேர்ந்து வரும்.

கடலில் நன்றாக நீந்துபவருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. உப்புத் தண்ணீர் உடலைத் தாங்கும். கோடையில் களப்புத் தண்ணீர் இன்னும் உப்பு, இன்னும் தாங்கும். ஆற்றுத் தண்ணீரில் அந்தத் தாங்கல் குறைவு. நீர்வீழ்ச்சியின் அடியில் நுரைத்துக் கிடக்கும் தண்ணீரில் பாதி காற்று. அங்கே மிதப்பது அதைவிடக் கடினம். அலை ஒருவரை இழுத்துச் சென்றாலும் அடுத்த அலை திருப்பித் தள்ளக்கூடும். மலையாறு ஒரே திசையில்தான் போகும், வழியில் பாறை இருக்கும்.

மழையே இல்லாமலும் வெள்ளம் வரும். 2014 ஜூன் 8ஆம் திகதி இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரும் அவர்களை அழைத்துச் சென்ற ஒருவரும், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீரில் போனார்கள். நம் நாட்டில் கித்துல்கலையில் களனி கங்கையின் நீர்மட்டம் மேலேயுள்ள மின் நிலையங்கள் விடும் தண்ணீரைப் பொறுத்து ஒரே நாளில் ஏறி இறங்கும். படகுச் சவாரி நடத்துவோருக்கு அந்த நேரங்கள் அத்துப்படி. வீதியோரம் வானை நிறுத்திவிட்டு இறங்கும் குடும்பத்துக்குத் தெரியாது. அணையுள்ள ஆற்றில் சைரன் சத்தம் கேட்டால் என்னவென்று விசாரித்துக்கொண்டு நிற்காமல் கரையேறுங்கள்.

நம் வானிலையை வைத்து மலையைக் கணிக்கக் கூடாது

மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. அவை மிக வேகமாகச் சுழல்வது மே தொடக்கம் செப்டெம்பர் வரையான சோளகக் காற்றுக் காலத்தில். நமக்கு அது வறண்ட காலம்: புழுதி, வெயில், கொந்தளிக்கும் கடல். கடற்றொழில் குறைந்து கையில் நேரம் இருப்பதால் மலைநாட்டுப் பயணங்களும் அப்போது நடக்கும். ஆனால் நம் காற்றாலையைச் சுழற்றும் அதே தென்மேல் பருவக்காற்றுத்தான் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் முட்டி மழையாகக் கொட்டுகிறது. கித்துல்கல, கினிகத்தேன, வட்டவளை, இரத்தினபுரி எல்லாம் அந்தச் சரிவில். வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்யும்; புத்தளத்தில் அதன் நாலில் ஒரு பங்கு அளவுதான். காற்றாலை ஓடி ஓடிச் சுற்றும் மாதம் மேற்குச் சரிவு ஓடைகளுக்குப் போகும் மாதமல்ல.

மார்ச், ஏப்ரல் மாதங்கள் இன்னும் ஏமாற்றும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம் அது. காலையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். பகல் வெப்பத்தில் மலைமேல் முகில் திரண்டு, பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் இடியோடு கொட்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அந்தக்கால அறிக்கைகளில் பிற்பகல் வேளை இடிமழை என்ற வரி நாள்தோறும் வருவதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும், உயிர்த்த ஞாயிறும், அண்மைய ஆண்டுகளில் நோன்புப் பெருநாளும் இந்த மாதங்களில்தான் வருகின்றன. 2024இல் பெருநாள் ஏப்ரல் 10, 2025இல் மார்ச் 31. விடியற்காலையில் புத்தளத்திலிருந்து புறப்பட்டு, குருநாகல் தாண்டி, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஓடையில் இறங்கும்போது மணி சரியாக இரண்டாகியிருக்கும். ஒக்டோபர், நவம்பரிலும் இதே கதை. குளிப்பதைக் காலையில் வைத்துக்கொண்டு மதியச் சோற்றோடு கரையேறிவிடுவது ஒன்றுதான் இதற்கு எளிய வழி. பயணத் திட்டத்தைச் சாரதியோடு பேசும்போதே இதையும் பேசிவிடலாம்.

பழக்கம் அறுந்த தலைமுறை

மலைநாட்டுத் தண்ணீரைப் பற்றிய அறிவு நம்மில் பலருக்கு ஏன் இல்லை என்பதற்கு நிலம் மட்டும் காரணமல்ல. ஏ-9 வீதி 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்டு, போர் முடிந்த 2009இன் பின்னரே பொதுமக்களுக்கு மீண்டும் திறந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளிலும் சோதனைச் சாவடிகளைக் கடந்து பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போக பல பெற்றோர் துணியவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிக் கரையில் தங்கிய முஸ்லிம் குடும்பங்களுக்கு முகாமும் கூலி வேலையுமே வாழ்க்கையாக இருந்தது. நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் போவதெல்லாம் போருக்குப் பின் வந்த பழக்கம். தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய எச்சரிக்கையைத் தந்தையே கேட்டதில்லை.

2023 மார்ச்சில் வெல்லவாய எல்லேவல நீர்வீழ்ச்சியில் மூழ்கி இறந்த நான்கு இளைஞர்களும் சாய்ந்தமருது, கல்முனைப் பக்கத்திலிருந்து நண்பர்களோடு சுற்றுலா போனவர்கள். அது திடீர் வெள்ளமல்ல, ஆழம் கொன்றது. ஆனாலும் கரையோரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமில்லாத நீர்நிலை என்பதில் இரண்டும் ஒன்றே.

எச்சரிக்கைப் பலகையின் மொழி அடுத்த சிக்கல். 1987இல் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியானது. பெரிய சுற்றுலா இடங்களில் மும்மொழிப் பலகை இருக்கும். உள்ளே போகப் போக, பிரதேச சபையோ பொலிஸோ ஊர்ச் சங்கமோ நட்ட பலகை பெரும்பாலும் சிங்களத்தில் மட்டும். இத்தனை பேர் இறந்த இடம் என்று எழுதியிருந்தாலும் வாசிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் பலகை. தித்வா நாட்களிலும் அறிவித்தல்கள் தமிழில் பிந்தியும் குறைந்தும் வந்தன என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. இது சலுகை கேட்கும் விடயமல்ல. பலகை நடுகிறவர் இன்னும் இரண்டு வரி எழுதினால் முடிகிற வேலை, அதைச் செய்யாததற்கு உயிர் விலையாகிறது.

பலகை மாறும்வரை காத்திருக்க முடியாது. சிங்களத்தில் 'நேம தஹனம்' என்றால் குளிப்பது தடை. 'அனதுருதாயகய்' என்றால் ஆபத்தானது. ஊர்க்காரரிடம் 'உட வஹினவத?' என்று கேட்டால் மேலே மழை பெய்கிறதா என்று கேட்டதாகும். தேயிலை நாட்டில் இதற்கும் தேவையில்லை. பெரும்பாலான ஓடைகளுக்கு மேலே தோட்டங்கள் இருக்கின்றன, அங்கே லயன்களில் இருப்பவர்கள் தமிழர்கள். அந்த ஓடையை ஆண்டு முழுதும் பார்ப்பவர்கள் அவர்கள். "அக்கா, மேலே மழையா? இந்தத் தண்ணி கூடுமா?" என்று வானை நிறுத்தி ஒரு தடவை கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண் வேண்டாம் என்று தலையாட்டினால், கூகுளில் ஐந்து நட்சத்திரம் இருந்தாலும் இறங்காதீர்கள்.

தண்ணீர் காட்டும் அடையாளம்

2004 சுனாமிக்குப் பிறகு, கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்பது நம் கரையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஓடைக்கும் அப்படிச் சில அடையாளங்கள் உண்டு. தெளிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்குக் கலங்குவது முதலாவது. இலை, சுள்ளி, நுரை கூட்டமாக மிதந்து வரத் தொடங்குவது. தண்ணீர் திடீரென்று குளிர்வது, மண் வாடை வருவது. சத்தம் மாறுவது: சலசலப்பு போய்த் தூரத்தில் லொறி வருவதுபோல ஓர் உறுமல் கேட்பது. தண்ணீர் காரணமில்லாமல் சட்டெனக் குறைந்தாலும் நம்பாதீர்கள். மேலே மரமோ மண்ணோ விழுந்து அடைத்திருக்கலாம், அடைப்பு உடைந்தால் எல்லாம் சேர்ந்து வரும். இவற்றில் ஒன்றைக் கண்டாலே போதும், இரண்டாவதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இடிச் சத்தம் சுமார் 15 கிலோமீற்றர் தூரம்வரை கேட்கும். கேட்டால், உங்கள் ஓடையின் மேற்பகுதியில் மழை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நீர்வீழ்ச்சியின் அடியில் நிற்பவருக்கு அந்தச் சத்தமும் கேட்காது. ஆகவே குளிக்காத ஒருவர் மேட்டில் இருக்க வேண்டும், மேல்நோக்கிப் பார்த்தபடி. கைபேசி பார்த்தபடி அல்ல. தண்ணீர் ஓரத்துக் கல் ஒன்றை அவர் குறித்து வைத்துக்கொண்டால் மட்டம் ஏறுவது உடனே தெரியும்.

உட்காரும் இடத்தையும் யோசித்துத் தெரிவு செய்ய வேண்டும். வாகனம் நிற்கும் கரையிலேயே இருங்கள். எதிர்க்கரையில் நிழல் நன்றாக இருக்கிறதென்று அடுப்பையும் பாயையும் அங்கே கொண்டுபோன குடும்பம், தண்ணீர் ஏறியதும் பொருட்களோடும் பிள்ளைகளோடும் கடந்து வரப் பார்க்கும். ஆட்கள் போவது அப்போதுதான். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க வேண்டாம். மேலே ஏறி இருங்கள். மலையோடை எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, மழை விட்டபின் அநேகமாக அவ்வளவு வேகமாக இறங்கவும் செய்யும். சில மணி நேரம் நனைந்து குளிர்ந்தாலும் உயிர் இருக்கும். நடுப்பாறையில் நிற்பவர்கள் கலங்கல் கண்ட நொடியிலேயே கிட்டிய கரைக்கு வந்துவிட வேண்டும். சட்டி பானை, பை, செருப்பு, தொலைபேசி எதையும் எடுக்க நிற்கக் கூடாது.

இழுக்கப்பட்டுவிட்டால் ஓட்டத்துக்கு எதிராக நீந்திக் களைக்காதீர்கள். மல்லாந்து, கால்கள் ஓட்டத்தின் திசையில் முன்னே இருக்க, பாதம் நீர்மட்டத்துக்கு அருகே தெரியும்படி போங்கள். பாறையில் கால் மோதட்டும், தலை மோதக் கூடாது. வேகமான தண்ணீரில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் கல்லிடுக்கில் சிக்கி, தண்ணீர் முகங்குப்புற அமுக்கிவிடும். சாய்வாகக் கரைப்பக்கம் கை வீசி ஒதுங்க வேண்டும்.

கரையில் நிற்பவர் பாய்ந்து காப்பாற்றப் போவதுதான் ஒரு சாவை இரண்டு மூன்றாக்குகிறது. அண்ணன் தம்பிக்காகப் பாய்வான், தகப்பன் இருவருக்காகவும் பாய்வார். இதைத் தடுக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கரைவலைக் கயிறும் மிதவையும் இல்லாத வீடு நம் கரையில் குறைவு. இருபது மீற்றர் நைலோன் கயிறும், மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கானும் வானின் பின்சீற்றுக்கடியில் போட்டுக்கொண்டு போவதற்குச் செலவில்லை. ஓட்டத்தின் கீழ்ப்பக்கமாக ஓடிச் சென்று எறிய வேண்டும். கயிற்றை இடுப்பிலோ கையிலோ சுற்றிக் கட்டக் கூடாது, இழுபட்டால் கட்டியவரும் போவார்.

பொலிஸ் 119, அம்பியூலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது என்பதால் வீதியில் கடைசியாக எங்கே சிக்னல் இருந்தது என்பதைச் சாரதி பார்த்து வைத்திருப்பது நல்லது. புறப்படும் முதல்நாள் மாலை வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலையும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். போகும் இடத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் அங்கே மண் ஊறிக் கிடக்கிறது என்று பொருள். அடுத்த மழை அப்படியே ஓடைக்குள் வரும். எலுவன்குளம், தெதுறுஓயாப் பக்கம் போகிறவர்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வான்கதவு அறிவித்தலைக் கேட்டுவிட்டுப் போகலாம்.

முன்பு போய் வந்த இடம்தானே என்பவர்களுக்கு ஒன்று. தித்வாவின்போது கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து, நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நாட்களில், ஏராளமான மண்ணும் பாறையும் மரங்களும் ஓடைகளுக்குள் வந்து விழுந்தன. 2024இல் நீங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படமெடுத்த குழி இப்போது மணலால் மூடியிருக்கலாம், அல்லது ஆளை விழுங்கும் ஆழமாகியிருக்கலாம். கால் வைத்து நின்ற பாறை இடம் மாறியிருக்கலாம். மேலே இன்னும் தளர்ந்து கிடக்கும் மண் அடுத்த மழைக்கு ஓடையை அடைக்கலாம். பழைய இடத்துக்கே போனாலும், புதிதாகப் போகிறவரைப் போல மேலேயுள்ள லயத்தில் நிறுத்திக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.